அத்தானின் இரண்டாவது துண்டு

என் அக்காள் கணவருக்கு, நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பால்பவுடர் ஆலையில் ‘வறட்சி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பவுடர் அறையைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அவர்தான் தலைவர். அங்கே பிரஷும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் மட்டும்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே நுழையக் கூடாது.

புதிதாக வேலைக்கு வந்தவர்களை நிற்கவைத்துப் பிரசங்கம் செய்வார்.

“காய்ஞ்ச பவுடர்ல கிருமி செத்துடும்னு நினைக்காதீங்க. மாசக்கணக்கா தூங்கும். அப்போ சூடு காட்டினாக்கூட லேசுல சாகாது, அவ்வளவு அழுத்தம். ஒரு சொட்டு தண்ணி காட்டுங்க, எழுந்து உட்கார்ந்து குடும்பம் நடத்தும். குழந்தைங்க குடிக்கிற பவுடர், ஞாபகம் இருக்கட்டும்!”

வீட்டிலும் இதே பாட்டுதான். ஈரக் கரண்டி மாவு டப்பாவைத் தொட்டால் அக்கா தொலைந்தாள். மழை பெய்தால், சொல்லாமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் வானத்தை முறைப்பார்.

இப்படிப்பட்டவரின் அறையில்தான் கிருமி அகப்பட்டது. லேப் மேடம் தரையைப் பஞ்சால் துடைத்துச் சோதித்ததில், பொட்டலம் கட்டும் என் மேசைக்குப் பின்னால் ஒரு வெடிப்பில் இருந்தது. இயந்திரத்தை நிறுத்தினார்கள். கட்டிய பொட்டலங்களைத் தனியே பூட்டிவைத்தார்கள்.

அத்தான் எல்லோர் முன்னாலும் என்னைக் கைகாட்டினார்.

“இவதான். எப்பவும் தாகம் தாகம்னு சொல்றவ. பாட்டிலை ஒளிச்சு வச்சிருப்பா.”

“அத்தான், நான் வெளியில போய்த்தானே குடிக்கிறேன்!”

“பவுடர் அறையில நான் அத்தான் இல்ல.”

நாளை விசாரணை என்றார் மேலாளர். ஈரம் வந்த வழி தெரியாவிட்டால் எனக்கு வேலை போய்விடும். மூக்குக்கு மேல் கோபத்தோடு அன்று மாலை அக்கா வீட்டுக்குச் சண்டை போடவே போனேன். அத்தான் தலைநிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தி முடித்ததும், துவைக்கும் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அக்கா வாயைத் திறந்தாள்.

“அது இருக்கட்டும். கழுத்துத் துண்டு ரெண்டு வாங்கிக் குடுத்தேனே, ஒண்ணுதான் துவைக்க வருது. இன்னொண்ணு எங்க?”

அத்தானின் வாய்க்குள் போன கவளம் அங்கேயே நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டிய முகம்.

விஷயம் இதுதான். இயந்திரத்தின் வெக்கை தாங்காமல், ஒரு துண்டை வெளிக் குழாயில் நனைத்துக் கழுத்தில் சுற்றி, மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போவார். வேலை முடிந்ததும் என் மேசைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத ஒரு கம்பியில் மாட்டிவிட்டு வருவார்.

“நல்லாப் பிழிஞ்சுதான் கட்டினேன்,” என்று முனகினார். “சொட்டாத வரைக்கும் அது தண்ணி இல்லன்னு நினைச்சேன்.”

“ஊருக்குத்தான் உபதேசம்!” என்றாள் அக்கா.

துண்டைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் அவர் தப்பித்தார், நான் மாட்டினேன். அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அவரே லேப் மேடத்தைக் கூட்டிப்போய்த் துண்டைக் காட்டினார். அதற்கு நேர் கீழே இருந்தது அந்த வெடிப்பு.

“வேலியே பயிரை மேஞ்சிருக்குங்க,” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “இவ மேல தப்பில்ல. தண்ணி கொண்டுவந்தது நான்தான்.”

பொட்டலங்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின. அவருடைய தலைவர் பதவியும் போயிற்று. பிரஷ் மட்டும் கையில் மிஞ்சியது. என் வேலை பிழைத்தது.

வெடிப்பை அடைத்து, அறையைச் சுத்தப்படுத்தி, மறுபடி வேலை தொடங்கிய அன்று பிரஷோடு என் மேசையருகே வந்து நின்றார்.

“மச்சினிக்கு இன்னும் கோவமா?”

“பவுடர் அறையில நான் மச்சினி இல்ல.”

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆனால் அவர் கண்கள் நிறைந்துவிட்டன. சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு துளி அவர் கன்னத்தில் உருண்டது.

“அத்தான்! அழறதுன்னா வெளியில போய் அழுங்க!”

தாடைக்குக் கீழே இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், கதவை நோக்கி ஓடினார்.