மாற்று இஞ்சின்

பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. தண்டவாளம் பண்டாரவளையோடு நின்றுவிடும். நான் பதுளையிலிருந்து பதினான்கு மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையின் கார் டிரைவராக இருந்தேன். காருக்கு ஒரு சாமான் வேண்டுமென்றால் கொழும்புக்கு எழுத வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் துரை, பள்ளத்தில் உருண்டுபோன அதே மாதிரிக் காரொன்றின் இஞ்சினை மட்டும் வாங்கினார். எட்டுப் பேர் சுமந்து வந்து கார் கொட்டகையில் இறக்கினார்கள்.

"டிரைவர், இது ரொம்ப நாள் இருக்கணும். கெட்டுப் போகாம வச்சிடு" என்றார் துரை.

மறுநாள் தீபாவளி. நான் நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் ஊற்றி ஓட்டைகளை அடைத்திருக்க வேண்டும். பண்டிகை முடியட்டும் என்று நினைத்து, திறந்த ஓட்டைகள்மேல் ஒரு சாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பண்டிகை முடிந்ததும் துரை கேட்டார். "வச்சாச்சுங்க துரை" என்றேன்.

பிறகு மழை தொடங்கிவிட்டது. கொட்டகையின் அந்த மூலை ஒழுகும் என்பது எனக்குத் தெரியும். சாக்கு நனைந்திருந்ததை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் அதைப் பிழிந்து, திரும்ப அதன்மேலேயே போட்டேன். இதை இன்றுவரை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

தை பிறந்த சமயத்தில், மேட்டில் ஏறும்போது காரின் இஞ்சினுக்குள் ஒரு தண்டு முறிந்து, சிலிண்டர் சுவரையே உடைத்துவிட்டது. மாடுகளைப் பூட்டி இழுத்து வந்தோம். துரை கலங்கவில்லை, மாற்று இஞ்சின்தான் இருக்கிறதே. நான் சாக்கை எடுத்துவிட்டு ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன். அசையவில்லை. இன்னொருவனையும் சேர்த்துக்கொண்டு சுற்றினேன். பிஸ்டன்கள் நாலும் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தன. மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்தேன். துரை கேட்டபோது, "பழைய இஞ்சின் பாருங்க, கொஞ்சம் நாளாகும்" என்றேன்.

நாலாவது நாள் என் மகளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். நாலு வயது. முந்தின நாள் சளி என்றுதான் நினைத்தோம். காலையில் மூச்சை இழுக்கும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது.

"இங்க வச்சிருக்காதீங்க. பதுளை ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்க" என்றார்.

என் மனைவி பிள்ளையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். "காரை எடுங்க. துரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு." அவள் சொன்னது சரிதான். போன வருஷம் ஒரு கங்காணியின் மனைவியைப் பிரசவத்துக்கு அந்தக் காரில்தான் கொண்டுபோனேன்.

"கார் ஓடாது."

"இன்னொரு இஞ்சின் இருக்குன்னீங்களே?"

"அதுவும் சுத்த மாட்டேங்குது."

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளையோடு வாசலில் இறங்கினாள்.

பக்கத்துத் தோட்டத்துக் காருக்கு ஆள் ஓடினான். அது விருந்தாளிகளை அழைத்துவரப் பண்டாரவளைக்குப் போயிருந்தது. மாட்டு வண்டியில்தான் புறப்பட்டோம். இறக்கத்தில் வண்டி குலுங்கியது. மெதுவாக ஓட்டச் சொன்னேன். பிறகு வேகமாக ஓட்டச் சொன்னேன். பிள்ளை அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டும். அவள் கண்கள் மட்டும் என் முகத்துக்கும் அவள் அம்மா முகத்துக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன. பதுளை கூரைகள் தெரிகிற வளைவுக்கு வந்தபோது அந்த விசில் சத்தம் நின்றது. வெயில் இன்னும் இருந்தது.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டுக் கம்பளியை மூடினார். "ரெண்டு மூணு மணி நேரம் முந்தி வந்திருந்தா பொழச்சிருக்குமாங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "சொல்ல முடியாது" என்றார். ஆம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் ஆறுதல் அடைந்திருப்பேன். அவர் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதே வண்டியில் திரும்பி வந்து, தோட்டத்துப் புதைகுழிக்காட்டில் அவளை வைத்தோம்.

அதற்கு ஐந்தாம் நாள் மாற்று இஞ்சின் அசைந்தது. அதைக் காரில் பூட்டினேன். கார் ஓடியது. உடைந்த இஞ்சின் கொழும்புக்குப் போய், பழுது பார்க்கப்பட்டு, மழைக்காலத்துக்கு முன் திரும்பி வந்தது. இனி அதுதான் மாற்று. "நல்லா வச்சிடு" என்றார் துரை, போன தடவை சொன்ன மாதிரியே.

இந்தத் தடவை விடிந்ததும் தொடங்கினேன். ஒழுகாத பக்கத்தில் இரண்டு மரக்கட்டைகளைப் போட்டு ஆட்களைக் கூப்பிட்டு இஞ்சினை அவற்றின்மேல் ஏற்றினேன். அதில் தங்கியிருந்த தண்ணீரைச் சொட்டு விடாமல் வடித்தேன். பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதிது விட்டேன். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கெட்டியான இஞ்சின் எண்ணெய் ஊற்றினேன். சிலர் ஊற்றுகிற விளக்கெண்ணெய் என்றால் நாளடைவில் பிசினாகிவிடும்.

மதியம் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு என் மனைவி கொட்டகைக்கு வந்தாள். முன்பு ஒருநாளும் வந்ததில்லை. பிள்ளை போனபிறகு வேண்டியதைத் தவிர அவள் என்னோடு பேசுவதும் இல்லை. நான் ஹாண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"இப்ப எதுக்குச் சுத்துறீங்க?"

"எண்ணெய் சுவரெல்லாம் படணும். மாசம் ஒருக்கா இப்படிச் சுத்தி வைக்கணும்."

பிளக் ஓட்டைகளுக்கு மரமுளை சீவி, மெழுகில் தோய்த்து அடித்தேன். மற்ற வாய்களை எண்ணெய்த் துணியால் கட்டினேன். பளபளக்கிற இரும்பிலெல்லாம் கிரீஸ் தடவினேன். தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவைத் தனியே கழற்றி, ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"காலையிலதானே ஆரம்பிச்சீங்க. அவ்வளவுதானா வேலை?"

கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன். "அவ்வளவுதான். அன்னைக்கு நான் அதைச் செய்யல. துரைகிட்ட வச்சாச்சுன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். "தீபாவளிக்கு மொத நாளு நீங்க சீக்கிரமா வந்தீங்க. புள்ள ஓடி வந்து ஒங்க காலக் கட்டிக்கிட்டா. தூங்குற வரைக்கும் ஒங்ககூடத்தான் இருந்தா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எழுந்து கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். அடுத்த வாரம் வெலிமடையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய், மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அந்த இஞ்சின் ஆறு வருஷம் அங்கேயே இருந்தது, தேவைப்படவே இல்லை. துரை சீமைக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் விற்றார். வாங்க வந்தவர் மரமுளையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "உள்ள கண்ணாடி மாதிரி இருக்கே, யாரு வச்சது?" என்றார். துரை என்னைக் காட்டினார். மேக்னெட்டோவை மாட்டி, பெட்ரோல் விட்டு ஹாண்டிலைச் சுற்றிக் காட்டினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் அதைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஓடுச்சா?"

"மொத சுத்துலேயே."

கீரையை வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள். கொஞ்சம் பொறுத்து நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைப் போகச் சொல்லவில்லை.