மார்ச் கடைசியில் வரும் விதைநெல்

ராயப்பன்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கும் ஜெபராணிக்கு மார்ச் மாதம் பிறந்தாலே வயிற்றெரிச்சல்தான். கணவர் தோட்டத்தைப் பார்க்க, 1997இல் தொடங்கிய கடை முழுக்க அவள் பாடு. பெரியாற்றுத் தண்ணீர் திறப்பது ஜூனில். அதற்கு முன் எவன் நாற்றுப் பாவுவான்? கம்பத்து மொத்த வியாபாரி கோட்டைச்சாமியோ மார்ச் கடைசியில் கேட்காமலே விதைநெல் மூட்டைகளை அனுப்பிவிடுவார்.

எல்லாம் மொத்த வியாபாரிகளுக்கு விதைக் கம்பெனி வைத்த அளவுகோலால் வந்த வினை. சரக்கு வருஷத்தில் எத்தனை தடவை விற்றுப் புரண்டது என்று பார்ப்பார்களாம். குறைந்த கையிருப்பில் அதிகம் விற்றவர் கெட்டிக்காரர். அவருக்கு மேடையில் மாலை. கையிருப்பை எண்ணுவது மார்ச் முப்பத்தொன்றில். அன்றைக்குக் கோட்டைச்சாமியின் சரக்குக் கிட்டங்கி துடைத்துவிட்டதுபோல் இருக்கும். விற்ற லட்சணத்தைக் கேளுங்கள்: அத்தனையும் ஜெபராணியின் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மாதம் வெந்துகொண்டு கிடக்கும்.

2004இல் அப்படி வெந்த நெல்லைத்தான் விவசாயி சுருளியாண்டி வாங்கிப் போனார். நாற்றங்காலில் பாதி முளைக்கவில்லை. மறுபடி விதை வாங்க வந்தவர் சண்டை போடவில்லை.

"இதாச்சும் முளைக்குமா ஆத்தா?"

கடை போட்ட நாளிலிருந்து யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த மார்ச் முப்பத்தொன்றில் மூட்டைகளோடு வேன் வந்து நின்றது. ஒன்றைக்கூட இறக்க விடாமல் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கம்பத்துக்கே திருப்பச் சொன்னாள். கிட்டங்கியில் எண்ண வந்திருந்த கம்பெனி அதிகாரியின் கண் முன்னாலேயே மூட்டைகளை இறக்க வைத்தாள்.

கோட்டைச்சாமி அவளை ஓரமாகக் கூப்பிட்டு, நாளைக்குக் கொண்டுவந்தால் தானே எடுத்துக்கொள்வதாகக் கெஞ்சினார். அதிகாரி அவருக்கும் ஒரு படி மேலே போனார். இன்றைக்கு மட்டும் மூட்டைகள் தெருவில் கிடக்கட்டும், உள்ளே இருப்பதுதான் கணக்கு என்றார். அட பாவிகளா, கூட்டுக் களவாணிகள்!

ஜெபராணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"நெல்லு அங்கன வெந்து சாகுது, நீங்க இங்கன மாலை போட்டுக்கிறீக. எண்ணுங்க சார். எண்ணி எழுதுற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

எழுதினார்கள். அந்த வருஷம் கோட்டைச்சாமிக்கு மாலை விழவில்லை. அவரிடமிருந்து அவளுக்கு வரும் சரக்கும் நின்றது. உத்தமபாளையத்தில் வேறு ஆளிடம் வாங்கி ஜூனில் விற்றாள். முதல் ஆளாக வந்த சுருளியாண்டி மூட்டையைத் தொடாமல் தயங்கி நின்றார். ஈரச் சாக்கில் முளைகட்டி வைத்திருந்த நெல்லை அவள் விரித்துக் காட்டினாள். குனிந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

அன்றிலிருந்து முளையைக் காட்டித்தான் விதை விற்கிறாள். முன்பெல்லாம் அவள் வாய்ச்சொல்லே போதும். அதைக் கெடுத்தவனுக்கு எத்தனை மாலை போட்டார்கள் என்று நினைத்தால் இன்னமும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.