கடைசி வயலுக்கும் தண்ணீர் கேட்டவர்

கலேவெலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்பாவின் அழைப்பு வந்தது. "சலீம் நானா போயிட்டாங்க. சுபஹு தொழுதுட்டுப் படுத்தவங்க எந்திரிக்கலையாம். பின்னேரம் அசர் தொழுகையோட அடக்கமாம். லீவு சொல்லிட்டு வந்திரு." அலுவலகத்துக்குப் போகாமல், வந்த வழியே திரும்பினேன்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓடையை மறித்த ஒரு சிறிய அணையில் தொடங்கி, சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என எல்லோருடைய வயல்களையும் தொட்டு, எங்கள் வயல் பக்கம் முடிகிறது எங்கள் வாய்க்கால். ஒரு வெள்ளத்தில் அதன் கரைகள் உடைந்தன. அதன்பின் தண்ணீர் பாதி வழியிலேயே கசிந்து போனது. மழை குறைந்த சிறுபோகத்தில் கடைசிப் பக்கத்தில் யாரும் விதைக்கவில்லை. அங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தம்புள்ளைச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போனார்கள். திருத்த வேலைக்கு அரசாங்க உதவி கிடைக்காவிட்டால் அப்பாவும் போக வேண்டியதுதான்.

முஸ்லிம் மூத்தவர்களை நாங்கள் 'நானா' என்போம்; சலீம் நானா எங்கள் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளராக இருந்தார். அமைப்பின் கடிதங்களை எழுதிக் கொடுத்ததால் எனக்கு அவருடன் பழக்கம். நான் அதிகம் பேசாதவள். அந்தக் குறை தெரியாதபடி அவரே இருவருக்குமாகப் பேசிவிடுவார். அவருடைய வயல் அணைக்கு அடுத்த முதல் வயல். வெள்ளத்துக்குப் பிறகும் அதற்குத் தண்ணீர் குறைந்ததில்லை.

"பிறகு ஏன் நானா இந்த அலைச்சல்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கடைசி ஆக்கள் உட்டுட்டுப் போனா மிச்சம் நாங்க நாலு பேரு. நாலு பேர்ட வாய்க்காலுக்கு எந்த அரசாங்கம் தங்கச்சி சல்லி தரும்?"

எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்து, வாய்க்காலைப் பரிசோதிக்க அதிகாரிகள் வருவதாகக் கடிதம் வந்தது. உடனே ஊரே சிரமதானத்தில் இறங்கியது. மூன்று நாட்கள் புல் வெட்டினோம். உடைப்புகளில் மண்மூட்டை அடுக்கினோம். அதிகாரிகள் வந்த அன்று காலை மேல் வயல்காரர்கள் தங்கள் மடைகளை எல்லாம் அடைத்துவிட்டதால், வாய்க்கால் கடைசிவரை நிரம்பி ஓடியது. பால்சோறும் கட்டச்சம்பலும் பரிமாறினோம். அதிகாரிகள் மகிழ்ந்து சாப்பிட்டுப் போனார்கள். சில வாரங்களில் பதில் வந்தது: வாய்க்கால் நல்ல நிலையில் இருக்கிறது; உதவி, அவசரத் தேவையுள்ள வேறு இடத்துக்கு வழங்கப்படும்.

கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். புல் வெட்டியவர்களில் நானும் ஒருத்தி. சலீம் நானா கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார்.

"நோயாளிக்குப் பவுடர் பூசி டொக்டர்ட்ட கூட்டிப் போய் ஈக்கோம் தங்கச்சி! அவர் என்ன செல்லுவார்? கலியாணத்துக்கு நாள் பாருங்கன்னுதான் செல்லுவார்."

மறு விண்ணப்பத்தில், புல் வெட்டி மடை அடைத்த விஷயத்தைச் சுற்றி வளைத்து எழுதியிருந்தேன். அவர் ஒப்பவில்லை. "ஆக்கள் வாராங்கன்னு வீட்டக் கூட்டினோம், களவு செய்யல்ல. அப்பிடியே எழுதுங்க." அப்படியே எழுதினேன். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மறுபடி பரிசோதிக்க வருவதாக ஓர் இளம் பெண் பொறியியலாளர் தொலைபேசியில் சொன்னார்.

இம்முறை யாரும் புல் வெட்டிவிடாதபடி, அவர் வருவதற்கு முதல் நாளே சலீம் நானா வாய்க்கால் கரையில் காவலுக்கு நின்றார். அப்பா பொறுக்க முடியாமல் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

"அண்ணே, மம்பட்டிய இங்க தாங்க."

"புல்லு மண்டிக் கெடக்கு நானா. வர்றவங்க நம்மள என்ன நெனப்பாங்க?"

"சோம்பேறிப் பயலுகன்னு நெனப்பாங்க. நெனச்சிட்டுப் போகட்டுமே!"

மறுநாள் அந்தப் பொறியியலாளரைக் காய்ந்த வயல் வரம்பின் மேலாக அவர் அழைத்துச் செல்லவில்லை. ஒவ்வோர் உடைப்பையும் காட்டி, சேற்றில் இறக்கி, முழு நீளமும் நடத்தினார். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணும் நடந்தார். எங்கள் வயலுக்கு வெகு முன்பே தண்ணீர் நின்றுவிட்டது.

"கட்டிக் கொடுத்தால் பிறகு யார் பார்ப்பது?" என்று சிங்களத்தில் கேட்டார் பொறியியலாளர்.

சலீம் நானா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு நாள் வேலை செய்வதாக எல்லாக் குடும்பங்களும் அதில் ஒப்பமிட்டிருந்தன. முறை வைத்துத் தண்ணீர் விடுவதாக மேல் வயல்காரர்களும் ஒப்பமிட்டிருந்தார்கள். அதிகாரிகள் வந்த அந்த ஒரு நாளைத் தவிர, மடையை அடைத்தறியாதவர்கள் அவர்கள். முதல் ஒப்பம் அவருடையது. வீடு வீடாகப் போய் எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கினார் என்பதை அவர் சொன்னதில்லை. அவர் மனைவி பின்னர் சொல்லித்தான் தெரியும்.

உதவி கிடைத்தது. கரைகள் கட்டப்பட்டன. இந்தச் சிறுபோகத்தில் எங்கள் வயலில் நெல் நிற்கிறது. அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு.

அடக்கம் முடியும்வரை பெண்களோடு அவர் வீட்டில் இருந்தேன். பிறகு அப்பாவும் நானும் வாய்க்கால் கரை வழியே வீடு திரும்பினோம். எங்கள் வயலுக்கு அப்பால், ஆண்டுக்கணக்கில் தரிசாய்க் கிடந்த நிலத்தின் நடுவில் ஒருவர் நின்றிருந்தார். தம்புள்ளையிலிருந்து ஜனாஸா அடக்கத்துக்கு வந்த எங்கள் பழைய பக்கத்து வயல்காரர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, காலால் மண்ணைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மழையோட வர்ற பெரும்போகத்துக்கு நானும் எறங்கலாமா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"அந்தத் தாள்ல உங்களுக்கும் எடம் இருக்கு" என்றார் அப்பா.

சலீம் நானா, இறைவன் உங்களைப் பொருந்திக்கொள்வானாக. இங்கே ஓர் ஒப்பம் கூடுகிறது.