மஞ்சள் தண்ணீர் உறைந்த படி

கொங்கிறீற் படியில் பனி அள்ளும் இரும்புச் சவல் உராயும் சத்தம் இன்றும் என் காதுக்குள் இருக்கிறது. முதலில் நீளமாக ஒரு "கர்ர்ர்", பனியை அள்ளி அப்பால் எறியும்போது ஒரு சின்ன இடைவெளி, மறுபடியும் ஒரு "கர்ர்ர்" என்று, போர்வைக்குள் அரைத் தூக்கத்தில் சுருண்டு கிடந்த எனக்கு, இருட்டு விலகாத அந்தக் காலைகளில் வெளியே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொன்ன சத்தம் அதுதான். அதைக் கேட்டதும் நான் மறுபக்கம் திரும்பிப் படுத்து, இன்னும் அரை மணித்தியாலம் நிம்மதியாகத் தூங்குவேன்.

நாங்கள் கனடாவுக்கு வந்து அது இரண்டாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்தை ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் பதினோராம் மாடியில் கழித்திருந்தோம். அங்கே கீழே இறங்கினால் பாதையெல்லாம் துப்புரவாக இருக்கும், யார் துப்புரவாக்கினார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. பிறகு மோர்னிங்சைட் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டுக்கு, அப்போது எல்லோரும் சொன்னபடி ஒரு "ரவுன்ஹவுஸு"க்கு, வாடகைக்கு மாறினோம். நாலு படி, ஒரு கதவு. இடதுபுறத்து வீட்டின் படிகளுக்கும் எங்கள் படிகளுக்கும் நடுவே ஒரு இரும்புக் கைப்பிடிக் கம்பி மட்டும்தான். அங்கேயும் பனி கொட்டிய ஒவ்வொரு காலையிலும் எங்கள் நாலு படிகளும் கீழே நடைபாதை வரைக்கும் வழித்துத் துப்புரவாக்கப்பட்டிருந்தன. அப்பா பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து எட்டு மணிக்கு வந்து சேரும்போது அவருடைய சப்பாத்தில் பனி ஒட்டாது. யன்னல்களுக்கெல்லாம் குளிர் புகாமல் பிளாஸ்ரிக் தாள் ஒட்டியிருந்ததால் வெளியே நடப்பது எங்களுக்குத் தெரியவும் தெரியாது. அப்பா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். லண்டனில் இருந்த நண்பரோடு தொலைபேசியில் பேசும்போது, "இஞ்சை அரசாங்கமே விடியக்காலமை வந்து வாசல்படி வழிச்சுக் குடுக்குது, அண்ணை. உங்கை உதெல்லாம் இருக்கோ?" என்று ஒருநாள் பெருமையடித்தார். அந்தப் பெருமையில் நாங்களும் பங்கெடுத்துக்கொண்டோம்.

அந்த வருடம் கிறிஸ்மஸ் வாரத்தில் பனி மூன்று நாள் விடாமல் கொட்டியது. பாடசாலை இல்லை, கடைகள் பூட்டு, பஸ்கூட எப்போதாவது ஒன்றுதான் ஊர்ந்துபோகும். எதிர்வரிசை வீடுகளில் கலர் பல்புகள் எரிந்தன, ஆனால் தெருவில் ஒரு குரலும் இல்லை. எங்களுக்கு அது பண்டிகையும் இல்லை, விடுமுறையும் இல்லை, ஏனென்றால் அப்பாவுக்கு "ஓவர்ரைம்" கிடைக்கும் காலம் அது. அம்மாவும் நானும் தம்பியும் வெப்பக்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, அதிலேயே சாப்பிட்டு அதிலேயே விளையாடி அந்த வாரத்தைப் போக்கினோம். இன்றைக்கு நினைத்தால் என் வாழ்க்கையில் அப்படி ஒரு அமைதியான வாரம் பிறகு வாய்க்கவேயில்லை என்று தோன்றுகிறது. கிறிஸ்மஸுக்கு முதல்நாள் எங்கள் மேற்படியில் சிவப்பு நாடா கட்டிய ஒரு தகரப் பிஸ்கற் பேணி இருந்தது. பெயர் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ வீடு மாறி வைத்துவிட்டார்கள், உரியவர்கள் வந்து எடுத்துப் போகட்டும் என்று அப்பா சொன்னதால் அதை நாங்கள் தொடவில்லை. இரண்டு நாள் அது மூடியில் பனி குவியப் படியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அம்மா மனம் கேளாமல் உள்ளே எடுத்துவந்தாள். படி வழித்ததை அரசாங்கத்தின் கணக்கில் போட்ட அப்பா, நல்லவேளை, பிஸ்கற்றையும் அதன் கணக்கில் போடவில்லை.

பிறகு தைப்பொங்கல் வந்தது. அப்பா வேலையால் வந்து குளித்ததும் படைப்பதென்று அம்மா ஏற்பாடு செய்திருந்தாள். ஐந்தரைக்கே எழும்பித் தலைக்குக் குளித்து, சிவப்புச் சேலை உடுத்து, காலில் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு, சில்வர் செம்பில் தண்ணீர் எடுத்து மஞ்சள் கரைத்தாள். பொங்கலன்று வாசல் தெளிக்காமல் அடுப்பு மூட்டுவது அவளால் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமே அல்ல. மாவிலை இல்லை, ஆகவே கையாலேயே அள்ளி அள்ளி, நாலு படிகளுக்கும் தாராளமாகத் தெளித்து, மிச்சத்தை மேற்படியில் கவிழ்த்துவிட்டு, பல் கிட்டிக்க உள்ளே ஓடிவந்தாள். அம்மாவின் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. சாக்கடைத் தண்ணீரும் உறைந்துபோகும் அந்தக் குளிரில், தெளித்த தண்ணீருக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கும் அவளோடு எழும்பியிருந்த எனக்கும் அந்த நேரத்தில் புத்தியில் படவில்லை. அதற்கு மேலே, மா தூவினாற்போல் கொஞ்சம் புதுப்பனியும் விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அடுப்பில் பால் சூடேறிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த அந்தக் "கர்ர்ர்" சத்தம் முதலில் பக்கத்து வீட்டுப் படியில் கேட்டது, பிறகு எங்கள் படிக்கு வந்தது. அடுத்த கணம் சவல் கொங்கிறீற்றில் மோதித் தெறிக்கும் ஓசையும், கனமான ஏதோ ஒன்று விழும் ஓசையும், ஓர் ஆணின் அடங்கிய முனகலும் கேட்டன. நாங்கள் கதவைத் திறந்தோம். எங்கள் படியடியில், பனிக்குள் கால்களை நீட்டியபடி, பக்கத்து வீட்டு மிஸ்டர் ரொய் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, தனியாள், எழுபதை நெருங்கியவர், கண்டால் தலையசைப்பதோடு சரி. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தார். அந்தக் கை இருக்கக்கூடாத ஒரு கோணத்தில் வளைந்திருந்தது. அவருடைய சப்பாத்து வழுக்கி இழுத்த கோட்டில் பனி விலகி, அடியிலே வெளிர்மஞ்சளாக ஐஸ் பளபளத்தது.

அம்மாவுக்கு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. எங்கள் படியை இவ்வளவு நாளும் வழித்தது யார் என்பதும், அவரை விழுத்தியது யார் என்பதும். அவள் காலுறையோடு இறங்கிப்போய்த் தன்னுடைய குளிர் அங்கியை அவர் தோளில் போர்த்தினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. வீட்டில் யார் வந்தாலும், எந்தக் கடிதம் வந்தாலும், வாயும் காதும் நான்தான்.

"நான்தான் தண்ணி தெளிச்சனான் எண்டு சொல்லு பிள்ளை. எங்கடை பொங்கலுக்காகத் தெளிச்சது, இப்பிடி ஆகும் எண்டு தெரியேல்லை, பிழை என்ரை எண்டு சொல்லு. மன்னிச்சுக்கொள்ளச் சொல்லி நான் கேக்கிறன் எண்டு சொல்லு."

நான் அதைச் சொல்லவில்லை. எங்கள் அகதிக் கோரிக்கை, அதாவது வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் சொல்லும் "கேஸ்", அப்போது முடியவில்லை. "கேஸ் முடியுமட்டும் எங்கடை பேரிலை ஒரு முறைப்பாடும் வரக்குடாது" என்று அப்பா வாரத்துக்கு ஒருதரமாவது சொல்லுவார். பிழை அம்மாவுடையது என்று என் வாயால் சொன்னால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் எங்களை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எட்டு வயது மூளை நொடிக்குள் கணக்குப் போட்டது. "எங்கள் குழாய் உடைந்துவிட்டது. தண்ணீர் வெளியே வந்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அந்த மஞ்சள் ஐஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டாள்.

"பரவாயில்லையாம்" என்றேன்.

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. உள்ளே, யாரும் பார்க்காமல் பால் பொங்கி, அடுப்பில் வழிந்து, தீய்ந்த நாற்றம் வாசல்வரை வந்தது.

மணிக்கட்டில் முறிவு. ஆறு கிழமை கட்டோடு இருக்கவேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லிவிட்டார்கள். நடந்ததைக் கேட்ட அப்பா பொங்கலைச் சாப்பிடாமல் வெகுநேரம் கதிரையில் இருந்தார். "இவ்வளவு நாளும் அந்த மனுசனே?" என்று மட்டும் கேட்டார். லண்டனுக்குச் சொன்ன பெருமை அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும், காது சிவந்துபோயிருந்தது. பிஸ்கற் பேணியும் யாருடையது என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஒவ்வொரு காலையும் தன் படியை வழித்துவிட்டு எங்கள் படிக்கு வந்த மனிதர், தான் வைத்த பேணி இரண்டு நாள் தீண்டுவாரில்லாமல் கிடந்ததையும் பார்த்திருப்பார். அதைச் சுற்றித்தான் பனியை வழித்திருப்பார். அன்றிலிருந்து அப்பா வேலையால் வந்ததும் சாப்பிட முன்னம் இரண்டு வீட்டுப் படிகளையும் வழித்தார். அம்மா இரண்டு நாளைக்கொருமுறை ரோல்ஸும் கட்லற்றும் செய்து அனுப்பினாள்.

எனக்கும் ஒரு வேலை வந்தது. மிஸ்டர் ரொய் தினமும் காலையில் சந்தியிலிருந்த கோப்பிக் கடைக்கு நடந்துபோய்த் தன் பழைய கூட்டாளிகளோடு இருந்துவிட்டு வருவார். ஒற்றைக் கையால் குளிர்ச் சப்பாத்தின் நாடாவைக் கட்ட முடியாது. ஆகவே பாடசாலைக்குப் போகமுன்னம் நான் அவர் வீட்டுக்குப் போய், அவர் கதவடியில் முக்காலியில் இருக்க, முழந்தாளிட்டு நாடா கட்டிவிட்டேன். இறுக்கிக் கட்டினால் விரல் குளிரும், தளர்த்திக் கட்டினால் பனி உள்ளே போகும், நடுவாகக் கட்டவேண்டும் என்று அவர் சொல்லித் தந்தார். மார்கழியிலும் தையிலும் விடிய நாலு மணிக்கு முதல் பஸ்ஸை எடுக்கும்போது கால் எப்படி விறைக்கும் என்று கதை சொன்னார். அம்மா அன்றைக்கு உடுத்த சிவப்புச் சேலை எதற்கு என்று ஒருநாள் கேட்டார், வருடாவருடம் தையில் வரும் பொங்கலுக்கு என்றேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். நாடாவைக் கட்டி முடித்து நிமிர்ந்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். வெட்கம் என்றால் என்ன என்று நான் படித்தது அந்த முக்காலிக்கு முன்னால்தான்.

கட்டு வெட்டிய மறுநாள், பழக்கத்தில் நான் போனபோது அவர் தானே நாடாவைக் கட்டி முடித்திருந்தார். "உங்கள் குழாயைத் திருத்தியாயிற்றா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "நல்லது. அது அடுத்த வருடமும் அதே நாளில் உடையும் என்று நினைக்கிறேன். முதல்நாள் நான் உப்புப் போட்டுவிடுகிறேன்" என்றார். சிரிக்கவில்லை, கண்ணடிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போனார். நான் அழுதுகொண்டே பாடசாலைக்குப் போனேன்.

அடுத்த பொங்கலுக்கு முதல்நாள் எங்கள் மேற்படியில் ஒரு சிறிய உப்புப் பை இருந்தது. "இதென்னத்துக்கு?" என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். அதற்குள் அம்மா மாலை வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவரோடு காலநிலையும் பிள்ளைகளின் படிப்பும் பேசுமளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் அந்தக் காலையைப் பற்றி அவள் அவரிடம் ஒருநாளும் பேச்செடுக்கவில்லை, எடுப்பானேன், அவளைப் பொறுத்தவரை அது கேட்டு முடிந்த மன்னிப்பு. எங்கள் கேஸும் நல்லபடி முடிந்தது. சில வருடங்களில் மிஸ்டர் ரொய் வீட்டை விற்றுவிட்டு மேற்கே மகளோடு இருக்கப் போனார். கிறிஸ்மஸ் தோறும் அவரிடமிருந்து வாழ்த்து மட்டை வரும். ஒரு வருடம் அவருடைய கையெழுத்துக்குப் பதிலாக மகளின் கையெழுத்தில் வந்தது, தன் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று.

இப்போது நாங்கள் ரூஜ் என்ற பகுதியில் இருக்கிறோம். பனி கொட்டினால் ஒப்பந்தக்காரரின் வாகனம் ஒன்று உறுமிக்கொண்டு வந்து, இரண்டு நிமிடத்தில் வாசலைத் தள்ளித் துப்புரவாக்கிவிட்டுப் போகிறது. உள்ளே இருப்பவரின் முகத்தை நான் கண்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தபால் மாறி வந்தபோதுதான் தெரிந்தது. கையால் சவல் போடும் சத்தத்தை இந்தத் தெருவில் நான் கேட்டதேயில்லை. மோர்னிங்சைட்டில் அந்த வரிசை வீடுகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் படிகளை இடித்துப் புதிதாகக் கட்டி, நடுக்கம்பியையும் எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பொங்கலுக்கும் அம்மா முதலில் வாசலுக்கு ஒரு பிடி உப்பெறிந்துவிட்டு, பிறகு பெயருக்கு நாலு துளி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். உள்ளே வந்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வதைச் சொன்னாள்: "நல்ல மனுசன். நான் மன்னிப்புக் கேட்ட உடனை பரவாயில்லை எண்டு சொன்னவர்." பால் பொங்க இன்னும் நேரமிருந்தது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயதாகிவிட்டது என்று எனக்குத் திடீரென்று உறைத்தது. நான் சொல்லிவிட்டேன். குழாய் உடைந்ததென்று சொன்னதை, அவர் பரவாயில்லை என்று சொல்லாததை, எல்லாவற்றையும்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். எனக்குப் பொறுக்காமல், "அவருக்கு எல்லாம் தெரியும் அம்மா. அந்த உப்புப் பை அவர் வைச்சதுதான்" என்றேன்.

"தண்ணி நான் தெளிச்சதெண்டு அவருக்குத் தெரியும், ஓம்" என்றாள் அம்மா. "நான் மன்னிப்புக் கேட்டனான் எண்டு தெரியாதெல்லே. இத்தனை வருசமும் கேட்டிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டெல்லே அவரோடை சிரிச்சுக் கதைச்சனான்."

பால் பொங்கியது. அம்மா வழக்கம்போல் அரிசியை மூன்றுமுறை சுற்றிப் போட்டாள், கிளறினாள், அடுப்பைக் குறைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு மேசையடியில் வந்து இருந்தாள்.

"அவரின்ரை மகளின்ரை விலாசம் இருக்கோ?"

"இருக்கு அம்மா."

"பேப்பர் எடு. நான் தமிழிலை சொல்லுறன், நீ இங்கிலீசிலை எழுது" என்றாள். நான் பேனையைத் திறந்ததும் என் கையை ஒருதரம் அழுத்திப் பிடித்தாள். "இந்தமுறை நான் சொன்னதை எழுது, பிள்ளை."