பதினொன்று இல்லை, இருபத்தாறு

தம்பியின் டிக்கெட் கடையில் அக்காவுக்குப் பத்தொன்பது வருடச் சர்வீஸ். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஆனால் எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எங்கே இறங்கி எவ்வளவு நேரம் தேவுடு காக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். கடையில் அவளுக்குப் "பெரிய முள்" என்று பட்டப்பெயர். சின்ன முள் தம்பிதான். மெதுவாக நகர்வான், அதுவும் தப்பாக.

அன்றைக்குக் காலையில் கடை வாசலில் புதுப் பலகை மாட்டியிருந்தான்: "9,900 கிலோமீட்டர்! பதினோரு மணி நேரம்தான்!"

டிக்கெட்டில் காலை பத்துக்குப் புறப்பாடு, அன்றிரவு ஒன்பதுக்கு வந்து சேர்தல். அதிலிருந்து இதைக் கழித்துவிட்டான். போய் இறங்கும் ஊரின் கடிகாரம் நம் ஊரைவிட எட்டு மணி நேரம் பின்னால் ஓடுவதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பலகையைப் பார்த்துவிட்டுக் கைக்குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். புருஷன் அங்கே வேலையில் இருக்கிறான், நாளைக் காலை விமானம் வேண்டும் என்றாள். தம்பி டிக்கெட்டை அடிக்கப் போனான்.

அக்கா குறுக்கே விழுந்தாள். "பாப்பாவுக்குப் பால் எப்படிம்மா?"

"டாக்டர் எழுதிக்குடுத்த பவுடர்தான்க்கா. வேற எதுவும் ஒத்துக்காது. டப்பால நாலு வேளைக்கு இருக்கு. பதினோரு மணி நேரம்தானே, போதும். அங்க அவர் வாங்கி வச்சிருக்கார்."

"யாரு சொன்னா பதினோரு மணி நேரம்னு? வானத்துல பன்னெண்டு. நடுவுல இறங்கி ஏழு மணி நேரம் உக்காரணும். ஏர்போர்ட்டுக்குப் போக ரெண்டு. அங்க மூணு மணி நேரம் முன்னாடியே போய் நிக்கணும். அந்த ஊர்ல இறங்கி வெளிய வர ரெண்டு. மொத்தம் இருபத்தாறு. பாப்பா ஒம்போது வேளை குடிக்கும்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "புது டப்பா திங்கக்கிழமைதான் வரும்..."

"அப்போ செவ்வாய்க்கிழமை போ."

தம்பி பல்லைக் கடித்தான். "அக்கா, பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. வாயை மூடு."

"போகட்டும்டா. உனக்கு டவுசர் மாட்டத் தெரியாதப்பவே நான் கூட்டல் கழித்தல் போட்டவ. பச்சைப்புள்ள அந்தரத்துல பசியில கத்தினா நீயா போய்த் தாலாட்டுவ?"

"இது என் கடை!"

"கடை உன்னதுதான். யார் இல்லைன்னா?"

"அப்போ வீட்டுக்குக் கிளம்பு. நாளையிலருந்து வர வேணாம்."

"கிளம்பறேன். இந்தப் பொண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை சீட்டுப் போட்டுட்டு."

சீட்டுப் போட முக்கால் மணி நேரம் ஆனது. குழந்தைக்குக் கால் நீட்டி அழ இடம் இருக்கிற முன்வரிசை கிடைக்கும்வரை அவள் விடவில்லை. இரண்டு ஊர் மணியையும் போட்டு, ஒன்பது வேளைப் பாலுக்கும் ஒரு தாளில் நேரம் எழுதிக் கொடுத்தாள். தம்பி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

அந்தப் பெண் போன பிறகு, "ம்... கிளம்பலையா?" என்றான்.

"நீ முதல்ல அந்தப் பலகையைக் கழட்டு. அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, அக்கா நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.