குறை சொல்வதற்காக ஏலகிரி போனவர்

"என் விரல்ல பட்ட பழுதை நான் சொல்லாம விட்டேன்னு எவனாவது நிரூபிச்சா, இந்த விரலை வெட்டிப் பாலாத்துல போட்டுடுங்க."

ஆம்பூர் ரயிலடிக்கு எதிரே உள்ள டீக்கடையில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏழு பேர் சாட்சியாக இன்பராஜ் இப்படிச் சபதம் செய்தார். ஆற்றைத் தேர்ந்தெடுத்ததில் அவருடைய புத்திசாலித்தனம் தெரிந்தது. பாலாற்றில் தண்ணீர் ஓடி எவ்வளவோ காலமாகிவிட்டது. விரலைப் போட்டாலும் போட்ட இடத்திலேயே கிடக்கும். மணல் லாரி முந்திக்கொள்ளாமல் இருந்தால், மறுநாள் சாவகாசமாகப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் தொழிலே அதுதான். தோல் ஃபேக்டரியில் செலக்டர். பதனிட்ட ஆட்டுத்தோல் மேஜைமேல் வந்து விழும். வடக்குப் பார்த்த ஜன்னலிலிருந்து வெளிச்சம் வரும். இன்பராஜ் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு உள்ளங்கையை ஒரே ஒரு தடவை ஓட்டுவார். "உண்ணி கடிச்சிருக்கு. இங்க முள்ளு கீறியிருக்கு. உரிச்சவன் கத்தி இங்க எறங்கியிருக்கு. மூணாங் கிரேடு. அடுத்தது." உயிரோடு இருந்த காலத்தில் தான் பட்ட பாடு அந்த ஆட்டுக்கே அவ்வளவு தெரிந்திருக்காது.

சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் சங்கு ஊதியதும் மற்றவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் வேலையோடு போனார். புதுமனை புகுவிழாவில் தரையைத் தட்டிப் பார்த்து "உள்ள காலி" என்றார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கோட்டுக் காலரைத் தடவிவிட்டு "வாடகையா?" என்று கேட்டார். சர்ச்சில் பிரசங்கம் முடிந்ததும் போதகரிடம் போய், நடுவில் ஒரு இடத்தில் தையல் விட்டுப்போனதைப் பணிவோடு தெரிவித்தார். பெண் பார்க்கப் போன இடத்திலும் மேகலாவின் புடவை பார்டரில் ஒரு நூல் பிரிந்திருப்பதைச் சபையில் எடுத்துரைத்தார். மேகலா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "மத்ததெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க. அப்புறம் திருப்பி வாங்க மாட்டாங்க." அந்த இடத்திலேயே கல்யாணம் நிச்சயமாயிற்று.

சரக்குப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரரிடம் முதலாளி முதல் கிரேடு கட்டு ஒன்றைப் பெருமையாக நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற இன்பராஜின் கை சும்மா இருக்கவில்லை. "சார், திஸ் இஸ் ஃபோர்த்" என்றார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் அந்த ஒரு வாக்கியத்தில் செலவாயிற்று. முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை; பெரிய மனிதர். எத்தியோப்பியாவில் தன் மச்சான் புதிதாக நடத்தும் ஃபேக்டரிக்கு "உன்னைப்போல நேர்மையான ஆளுதான் வேணும்" என்று அனுப்பிவைத்தார். நேர்மையை இவ்வளவு தூரத்துக்கு மதித்தவர் ஆம்பூரில் வேறு யாருமில்லை.

அடிஸ் அபாபாவில் ஆறு வருஷம் ஓடியது. அங்கே வருஷம் பூராவும் குளிர்தான். ஆனால் இன்பராஜ் அதைக் குளிரென்று ஒப்புக்கொண்டதில்லை. குளிர் என்றால் அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஏலகிரியில் அடிக்கும் குளிர். டிசம்பரில் பதினைந்து நாள் லீவில் வருவார். ரயில் குடியாத்தம் தாண்டியதும் ஜன்னலைத் திறந்துவிடுவார். தோல் ஃபேக்டரிகளின் வாடை உள்ளே வர, மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இவர் மார்பு நிறைய இழுத்துக்கொண்டு எழுந்து பெட்டியை இறக்குவார். பன்னிரண்டு நாள் ஆம்பூர், மூன்று நாள் மேகலாவோடு ஏலகிரி. ஏழைகளின் ஊட்டி என்று அதற்குப் பெயர். ஏழைகளுக்கு அங்கே ரூம் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இந்த வருஷம் நவம்பரில், குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த மகள் சங்கீதா போன் செய்தாள்.

"ப்பா, அம்மாவுக்கு வயித்துல புண்ணுன்னு சொன்னோம்ல. அது புண்ணு இல்லப்பா." வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பேசினாள், பின்னால் யாரோ இந்தியில் டோக்கன் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பரவிடுச்சாம். பொங்கல் தாண்டிடும்னு சொல்றாங்க. ஈஸ்டரைப் பத்திப் பேச மாட்டேங்கிறாங்க."

இன்பராஜ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அம்மாவுக்குத் தெரியாது. அல்சருன்னு சொல்லி வெச்சிருக்கோம். பெரியம்மாவுக்கு டாக்டர் நேராவே சொன்னாரே, ஞாபகம் இருக்கா? அன்னைக்குச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவங்க, அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அம்மா ஏலகிரி போவணும்னு மட்டும்தான் கேக்குது. கண்டதை எல்லாம் வாய்ல கொட்டிடாதப்பா. உன்னை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

டிசம்பர் முதல் வாரத்தில் இன்பராஜ் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பினார். விமானத்தில் ஒன்பது மணி நேரம் ஒரே பொய்யைப் பழகிக்கொண்டு வந்தார்: ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் புதுத்தொழில் கற்பவருக்கே உரிய சிரத்தையோடு அதை வாசற்படியில் வைத்தே ஒப்பித்தார். மேகலா "நல்லதாப் போச்சு" என்று பையை வாங்கினாள். அவள் வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடையில்லாமல் ஓடிற்று. அவருடைய கண் பழக்கத்தின்படி தன் வேலையைச் செய்தது: கன்னம் ஒட்டியிருக்கிறது, கண்ணின் வெள்ளையில் மஞ்சள், ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. வாயை அவர் இறுக மூடிக்கொண்டார்.

அன்றைக்கு வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி; "நல்லா இருக்கு" என்றார்.

மேகலா கரண்டியைக் கீழே வைத்தாள். "இன்னா சொன்னீங்க?"

"நல்லா இருக்குன்னேன்."

"இருபத்தெட்டு வருஷமா இந்த வாயில இருந்து அது வந்ததில்ல." அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரு இன்னா சொல்லப் போறாங்க?"

அவள் நம்பவில்லை. அன்று முழுவதும் அவர் முகத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இன்பராஜ் ரயிலடி டீக்கடைக்குப் போய் சுஹேல் அகமதுவிடம் முறையிட்டார். சுஹேல் பழைய ஆம்பூர் ஃபேக்டரியில் சாயம் ஏற்றும் டிரம் ஓட்டியவர், சபதத்தின் ஏழு சாட்சிகளில் ஒருவர், இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார்.

"இன்பு, நீ ஒரு லூசு" என்றார் சுஹேல். "நாய் கொலைக்கலைன்னாதான் வீட்ல உள்ளவங்க எழுந்து பார்ப்பாங்க. நீ பாராட்டினா அவங்களுக்குக் கிலி புடிக்காதா?"

"அப்ப இன்னா பண்ணச் சொல்ற பாய்?"

"வழக்கம்போலக் குத்தம் சொல்லு. இன்னும் ஜாஸ்தியாவே சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. அந்த ஒண்ணை மட்டும் விட்டுடு. முடியுமா?"

"எனக்குத் தெரிஞ்ச தொழில் அதுதானே" என்றார் இன்பராஜ். டம்ளர் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். சுஹேல் காசு கொடுக்கப் போகிறவர்போல எழுந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஸ்டாரைப் பார்த்து, "இதை எந்தக் குருடன் கட்டுனது?" என்று கத்தினார். உள்ளே மேகலா சிரிப்பது கேட்டது.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி சுஹேலின் காரில் மலை ஏறினார்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் மேகலா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பாய், இது காரா, கட்டை வண்டியா? ஷாக் அப்சார்பர்னு ஒண்ணு உண்டு, கேள்விப்பட்டிருக்கியா?" என்றார் இன்பராஜ். சுஹேல், போன மாசம்தான் புதிதாகப் போட்டவர், "இல்ல தோஸ்த், மாத்தணும்" என்று தலைகுனிந்தார். மேகலா வலித்ததைக் காரின்மேல் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

புங்கனூர் ஏரிக்குப் பக்கத்தில் நான்கு அறை உள்ள லாட்ஜ். ஒரே வருஷத்துக்குள் அது ரிசார்ட் ஆகியிருந்தது. பலகை மட்டும் ஆகியிருந்தது. ஏலகிரியும் மாறிப்போயிருந்தது. மங்கிகேப் போட்ட பெங்களூர்க் குடும்பங்கள் ஒலிபெருக்கியோடு வந்து இயற்கையின் அமைதியை ரசித்துக்கொண்டிருந்தன. மலைத்தேன் விற்றவனின் பாட்டிலில் வெல்லப்பாகு மணத்தது. இன்பராஜுக்கு விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

காலையில் மேகலா அரை இட்லி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "கல்லு. இதை மனுஷன் தின்பானா?" என்று இன்பராஜ் தன் தட்டில் பஞ்சுபோல இருந்த இட்லியையும் தள்ளிவிட்டார். அன்றைக்கு அவர் பட்டினி. ஏரிக்கரையில் இருபது அடி நடந்து அவள் நின்றாள். இவர், "பாதையா இது? எங்க பாத்தாலும் வேரு. உக்காரு, உக்காரு" என்று நகராட்சித் தரத்தில் சிமென்ட் போட்ட நடைபாதையைத் திட்டிக்கொண்டே பெஞ்சைத் துடைத்தார். ஸ்வெட்டர் அவள் தோளிலிருந்து வழிந்தது, "அளவு தெரியாதவன் எல்லாம் கடை வெச்சா இப்படித்தான்." அவளுக்குக் குளிர் நடுக்கியது, "இதுக்குப் பேரு கம்பளியா? ஜமக்காளத்துக்குத் தூரத்துச் சொந்தம்." லாட்ஜ்காரப் பையன் நான்கு கம்பளி கொண்டுவந்து போட்டான். அவன் மனதில் இன்பராஜுக்கு என்ன பெயர் வைத்திருப்பான் என்பதை ஊகிக்க வேண்டாம்.

இப்படியாக இரண்டு நாளில் ஏலகிரி மலையில் பழுதில்லாத பொருள் ஒன்றுகூட மிச்சமில்லை, மேகலாவைத் தவிர.

"நீங்க வந்ததுல இருந்து எனக்கு வயித்து வலியே கம்மி" என்றாள் மேகலா. "நீங்க கத்துற சத்தத்துல அது எங்கயோ ஓடிப்போச்சு."

இன்பராஜ் ஏரியில் மிதித்துப் போகும் படகு ஒன்றைக் காட்டி, அதன் வாத்துத் தலை வாத்துக்கே அவமானம் என்றார்.

மூன்றாவது நாள் காலை, இறங்க வேண்டிய நாள். அறைக்கு வெளியே படியில் வெயில் விழுந்திருந்தது. மேகலா அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவில் வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொல்லி, வாணியம்பாடியில் வாங்கிய தைலப் பாட்டிலைத் தோளுக்கு மேலே நீட்டினாள்.

"பொங்கலுக்கு சங்கீதாவையும் மாப்ளையையும் கூட்டிட்டு வரணும்ங்க இங்க. அதுக்குள்ள இந்த அல்சர் ஆறிடும்."

"அப்ப இதைவிட நல்ல ரூமாப் பாக்கணும்" என்று இன்பராஜ் தைலத்தை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டார். பின்கழுத்திலிருந்து தொடங்கினார். முப்பது வருஷம் தோல் பார்த்த கை. எங்கே போகிறதென்று அவர் கவனிக்க வேண்டிய தேவையில்லை. பின்கழுத்து, வலது தோள், மறுபடி கழுத்து, இடது தோள். இடது பக்கக் காறை எலும்புக்கு மேலே இருந்த குழியில் நடுவிரல் இறங்கியது.

அங்கே கை நின்றது.

பட்டாணி அளவு. கெட்டி. அழுத்தினால் நகரவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று, சின்னது. மேலே தோல் மட்டும் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

ஏரியில் யாரோ பிள்ளைகள் கத்திக்கொண்டு படகு மிதித்தார்கள்.

"இன்னாங்க, நிறுத்திட்டீங்க?" மேகலா திரும்பவில்லை. அவள் கழுத்து மட்டும் அவர் விரலுக்குக் கீழே விறைத்தது. "ஏதாவது இருக்கா அங்க?"

இன்பராஜ் விரலை எடுத்தார். பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அதில் எழுதியிருந்ததை முழுசாகப் படித்து முடித்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். "தைலம்தான் சரியில்ல. எரிச்சலே காணோம். எவனோ உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்."

மேகலாவின் தோள் தளர்ந்தது. "உங்களுக்கு எதுதான் சரியா இருந்திருக்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏரியைப் பார்த்தாள்.

அவர் இன்னும் கொஞ்சம் தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு, வலது தோளையே தேய்த்துக்கொண்டிருந்தார்.