வாழைநாரில் நின்ற ஓட்ஸ்

விழுந்து கிடந்த பயிரைக் கட்டி நிமிர்த்தியவன் நான்தான். மைதீன் பாயின் எருமைகள் கைவிட்டுப் போனதற்கும் நானே காரணம்!

உங்களுக்கு இது அற்பமாகப் படலாம். கேளுங்கள்.

அறுபதுகளின் கடைசி. பம்பாய் தேவ்நாரில் எங்கள் உர நிறுவனத்துக்கு ஒரு சோதனை வயல் இருந்தது. மாட்டுத் தீவனத்துக்கான ஓட்ஸில் இரண்டு ரகங்கள்: ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. பாத்திக்குப் பாத்தி யூரியாவைக் கூட்டியும் குறைத்தும் போட்டு, எது எப்படி வளர்கிறது என்று பார்ப்பது என் வேலை.

எவ்வளவு யூரியா போட்டாலும் நெட்டை தாங்கும் என்று அதிகாரியிடம் அடித்துப் பேசியிருந்தேன். தாங்கியதா? பாழாய்ப்போன பயிர்! யூரியா கூடிய பாத்திகளில் கரும்பச்சையாய், ஆளுயரம் வளர்ந்து, பால்காரர்கள் பார்க்க வருவதற்கு முந்தைய நாள் மொத்தமாகச் சாய்ந்தது. யூரியா குறைவான பாத்தியில் அதே நெட்டை நிமிர்ந்து நின்றது. குட்டையோ எல்லாப் பாத்தியிலும் அசையாமல் நின்றது... என்னைக் கேலி செய்வதுபோல!

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைக் கண்டறியத்தானே சோதனை? ஆனால் என் வறட்டுக் கௌரவம்! மாட்டுங்காவில் பூக்காரம்மாவிடம் வாழைநார் வாங்கி வந்து, உள்வரிசைகளில் குச்சி ஊன்றிக் கட்டினேன். வீட்டில் பூத்தொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன்... முடிச்சுகூட வெளியே தெரியவில்லை.

மறுநாள் பார்க்க வந்த பால்காரர்களில் மைதீன் பாயும் ஒருவர்; திருநெல்வேலிக்காரர். தாராவியில் குடும்பம், தேவ்நாரில் எருமைக் கொட்டில். நிமிர்ந்து நின்ற நெட்டையை ஆசையோடு தடவிப் பார்த்தார். யூரியாவைத் தாராளமாய்ப் போடலாம் என்று நானும் சொன்னேன். அடுத்த பனிக்காலத்தில் குத்தகை நிலம் முழுவதும் அதையே விதைத்து, யூரியாவையும் தாராளமாய்ப் போட்டார்.

அத்தனையும் விழுந்து அழுகியது. தீவனத்துக்கு வழியில்லாமல் எருமைகளை விற்றார்.

என்னிடம்தான் வந்து நின்றார். "எங்க சார் தப்பு பண்ணினேன்?"

அப்போதாவது வாயைத் திறந்தேனா? திறந்தேன்! "தண்ணி அதிகமாப் பாய்ச்சிட்டீங்க பாய்" என்றேன்.

"அளவாப் பாய்ச்சியிருக்கணும்லா... என்னால ஒங்களுக்கும் கெட்ட பேரு. மன்னிச்சிருங்க சார்."

மன்னிப்பு... என்னிடம்! நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவாயில்லை பாய்" என்றேன்.

பிறகு அவர் இன்னொருவர் கொட்டிலில் கூலிக்குப் பால் கறந்தார். இப்போது இல்லை. தான் பாய்ச்சிய தண்ணீர்தான் கெடுத்தது என்று நம்பியே போய்ச் சேர்ந்தார். உங்களிடம் சொல்லி என்ன புண்ணியம்?